மார்கழியில் ஆல்ப்ஸ்: டெல்டாவிலிருந்து குடும்பத்தோடு கிளம்புகிறவர்களுக்கு

காவிரிக் கரையில் நமக்குப் பனி என்பது ஒரே சொல். மார்கழி விடியலில் நெற்பயிரின் நுனியில் நிற்பதும் பனி, கொள்ளிடம் பாலத்தில் எதிரே வரும் வண்டியை மறைப்பதும் பனி, படங்களில் சுவிட்சர்லாந்து மலைமேல் வெள்ளையாகக் கிடப்பதும் பனி. ஆல்ப்ஸுக்குக் குளிர்காலத்தில் போகிறவர்கள் இவற்றைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். மேலிருந்து பஞ்சு போல விழுவது வெண்பனி. அதைப் பார்க்கத்தான் போகிறோம். நகரங்களையும் ஏரிக்கரைகளையும் சில சமயம் நாள்கணக்கில் மூடி நிற்பது மூடுபனி. பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். நடைபாதையில் கண்ணாடி போலப் படிந்திருப்பது உறைபனி. வயதானவர்களின் இடுப்பெலும்புக்கு ஆபத்து இதனால்தான்.

நம் பக்கத்தில் போடும் திட்டம் பெரும்பாலும் இப்படி இருக்கிறது: சூரிக் ஒரு இரவு, லூசர்ன் ஒரு இரவு, இன்டர்லாக்கன், செர்மாட், மிலான், வெனிஸ் என்று பத்து நாளில் ஏழெட்டு ஊர். கோடையில் ஓரளவு ஓடிவிடும். டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் உதிக்கக் காலை 8 மணிக்கு மேல் ஆகும், மாலை நாலே முக்காலுக்குள் மறைந்துவிடும். மொத்த வெளிச்சம் எட்டரை மணி நேரம். குறுகிய பள்ளத்தாக்குகளில் மதியம் இரண்டு மூன்று மணிக்கே மலை வெயிலை மறைத்துவிடும். இந்த எட்டரை மணியில் பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, ரயில் மாறி, புது ஊரில் அறை திறக்கக் காத்திருந்தால் மிச்சம் ஒன்றும் இல்லை. அதைவிட மோசம், "27ஆம் தேதி யுங்ஃப்ராவ்" என்று முன்கூட்டியே நாள் குறிப்பது. அன்று மேகம் இறங்கியிருந்தால் 3,454 மீட்டர் உயரத்தில் உள்ள யுங்ஃப்ராவ்யோஹ் ரயில் நிலையத்தில் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டியதுதான்.

அதனால் நாங்கள் எல்லோருக்கும் சொல்வது ஒன்றே. ஊர்களைக் குறையுங்கள், சமையலறை உள்ள வீடாகப் பார்த்து ஒரு பள்ளத்தாக்கில் நாலைந்து நாள் தங்குங்கள், மலையேறும் நாளை வானம் பார்த்து முடிவு செய்யுங்கள். அறுப்புக்கு நாள் பார்க்கிற மாதிரிதான் இதுவும்.

ஒரு நல்ல வரிசை

பதினோரு இரவுக்கு இது சரியாக அமையும். சூரிக்கில் இறங்கி அன்றே இன்டர்லாக்கன் பக்கம். அங்கே ஐந்து இரவு. பிறகு கிழக்கே கிராபுண்டன் மாநிலத்தில் பெர்கூன் என்ற மலைக்கிராமத்தில் இரண்டு இரவு. அங்கிருந்து ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக்கில் இரண்டு, சால்ஸ்பர்க்கில் ஒன்று, ஜெர்மனியின் மியூனிக்கில் ஒன்று, அங்கிருந்தே விமானம். சூரிக்கில் இறங்கி மியூனிக்கில் ஏறும்படி டிக்கெட் எடுக்கலாம். போன வழியே திரும்பி வர ஒரு நாள் செலவழிக்க வேண்டாம்.

விமான டிக்கெட்டில் ஒரு எச்சரிக்கை. திருச்சியிலிருந்து வளைகுடா வரை ஒரு நிறுவனம், அங்கிருந்து ஐரோப்பாவுக்கு வேறு நிறுவனம் என்று தனித்தனியாக எடுத்தால் விலை குறைவாகத் தெரியும். ஆனால் பெட்டி நேராகப் போய்ச் சேராது. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் செலவு நம் தலையில். குழந்தைகளும் பெரியவர்களும் உள்ள குடும்பத்துக்கு ஒரே முன்பதிவு எண்ணில் முழுப் பயணமும் இருப்பதுதான் நல்லது. சென்னை வழியாகப் போனால் ஒரு நாள் முன்பே போய்விடுங்கள். டிசம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம். ஒரு புயல் சின்னம் போதும், ரயில் நேரமெல்லாம் மாறிவிடும். சென்னை விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் புறநகர் ரயில் நிலையம் இருப்பதால் தாம்பரத்தில் இறங்கி மாறுவது எளிது.

விசா: நம் ஊர்க் கணக்குகள் இடறும் இடம்

சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, ஜெர்மனி மூன்றும் ஷெங்கன் பகுதி, ஒரே விசா. எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். மேலே சொன்ன வரிசையில் சுவிஸில் ஏழு இரவு, ஆகவே சுவிஸ் விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது இருக்க வேண்டும். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, ஆறு வயதுக்குக் கீழே இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 12 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குக் கைரேகை எடுப்பதில்லை. பாஸ்போர்ட் அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்ல வேண்டும், பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கம் வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. தீபாவளி கழிந்த பிறகு தொடங்கினால் நெருக்கடிதான். ஆவணியிலேயே காகிதங்களைச் சேர்க்கத் தொடங்குங்கள்.

விவசாயக் குடும்பங்களின் விண்ணப்பம் பலவீனமாகத் தெரிவது வருமானம் இல்லாததால் அல்ல, வருமானம் வருகிற விதம் அதிகாரிக்குப் புரியாததால். மாதச் சம்பளம் போல அது வருவதில்லை. அறுப்பு முடிந்து ஒரு தொகை வரும், பிறகு பல மாதம் ஒன்றும் வராது. கணக்கில் திடீரென்று பெரிய தொகை ஏறியிருந்தால் விசாவுக்காக யாரிடமோ வாங்கிப் போட்டது என்ற சந்தேகம் எழும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட ரசீதுகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்து, வங்கியில் பணம் ஏறிய தேதியோடு பொருத்திக் காட்டுங்கள். பட்டா, சிட்டா, அடங்கல் ஆகியவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வையுங்கள். வருமான வரிக் கணக்கில் விவசாய வருமானத்தைக் காட்டியிருந்தால் அதையும் சேருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பக்கக் கடிதம்: எவ்வளவு நிலம், ஆண்டுக்கு எத்தனை போகம், பணம் எந்த மாதங்களில் வருகிறது, நாங்கள் இல்லாத நாட்களில் வயலைப் பார்ப்பவர் யார். டிசம்பர் கடைசி சம்பா கதிர் முற்றும் காலம், தையில் அறுப்பு. திரும்பி வர வலுவான காரணம் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக வேறு எதுவும் சொல்லாது.

இன்னொரு இடறல் பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துதான். பாஸ்போர்ட்டில் அது விரிவாக்கப்பட்டிருக்கும், அல்லது குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். விமான டிக்கெட், காப்பீடு, ரயில் பாஸ் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் டிக்கெட்டில் எப்படிப் போடுவது என்பதை விமான நிறுவனத்திடம் கேட்டுவிட்டு முன்பதிவு செய்யுங்கள். அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு வழக்கம். பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையை அழைத்துப் போனால் மற்றவரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் பிறப்புச் சான்றிதழும் வேண்டும்.

ரயில்

வாடகைக் கார் வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. வெண்பனியில் ஓட்டிய பழக்கம் நமக்கு இல்லை. கிரிம்செல், ஃபுர்கா, சுஸ்டன் போன்ற கணவாய்ச் சாலைகள் குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும். வெங்கன், முர்ரன், செர்மாட் ஊர்களுக்குள் வெளிக்கார்கள் போகவே முடியாது. ரயிலோ எல்லா இடத்துக்கும் போகிறது.

சுவிஸ் டிராவல் பாஸ் 3, 4, 6, 8, 15 நாட்களுக்குக் கிடைக்கும். மேலே சொன்ன வரிசைக்கு எட்டு நாள் பாஸ் கச்சிதமாகப் பொருந்தும்: இறங்கிய நாள் ஒன்று, பெர்கூனிலிருந்து கிளம்பும் நாள் எட்டு. ரயில், பஸ், படகு, நகர டிராம், ஐந்நூறுக்கு மேற்பட்ட அருங்காட்சியகங்கள் அடக்கம். இதோடு இலவசமாகக் கிடைக்கும் குடும்ப அட்டையைக் கேட்டு வாங்குங்கள்: 6 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகள் கட்டணம் இல்லாமல் வரலாம், ஆனால் பாஸ் வைத்திருக்கும் பெற்றோரில் ஒருவராவது உடன் இருக்க வேண்டும். தாத்தா பாட்டி மட்டும் பேரனை அழைத்துக்கொண்டு தனியாக ஏறினால் இது செல்லாது. வெங்கன், முர்ரன், கிரின்டெல்வால்ட் வரை பாஸ் போதும். அதற்கு மேல் யுங்ஃப்ராவ்யோஹுக்கு 25 சதவீதத் தள்ளுபடி மட்டும். லூசர்ன் பக்கத்து ரிகி மலைக்கு முழுவதும் அடக்கம். ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில் 1871இல் ஓடத் தொடங்கியது அந்த மலையில்தான்.

இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்தில் பலர் தவறுவது ஒரு சிறு விஷயத்தில். லாட்டர்ப்ருன்னனுக்கும் கிரின்டெல்வால்டுக்கும் ஒரே ரயிலாகக் கிளம்பும். ஸ்வைலூட்சினன் நிலையத்தில் இரண்டாகப் பிரிந்து வேறு வேறு பள்ளத்தாக்குக்குப் போகும். குடும்பத்தில் பாதி ஒரு பெட்டியிலும் பாதி இன்னொன்றிலும் ஏறினால் பிரிந்தே போய்விடுவீர்கள். பெட்டியின் பக்கவாட்டுத் திரையில் உள்ள ஊர்ப் பெயரைப் பார்த்து எல்லோரும் ஒரே பெட்டியில் ஏறுங்கள். ரயில் மாற ஐந்து முதல் ஏழு நிமிடம்தான் பல இடங்களில் இருக்கும். சுவிஸ் ரயில்வே செயலியில் அடுத்த நடைமேடை எண்ணை முன்பே பார்த்து, ரயில் நிற்பதற்கு முன் கதவருகே வந்துவிட வேண்டும்.

பெட்டி விஷயத்தில் ஒரே விதி: அவரவர் பெட்டியை அவரவரே தூக்கி ரயிலில் ஏற்ற முடிய வேண்டும். நடுத்தர அளவுப் பெட்டி இரண்டு, ஒரு பெரிய பெட்டியைவிட மேல். மிதித்து இறுகாத வெண்பனியில் உருளைச் சக்கரம் உழுதுகொண்டு நிற்கும், நகராது. தங்குமிடம் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்கட்டும்.

குளிர்காலத்தில் ஓடாதவற்றையும் சொல்லிவிடுகிறோம்: ஷீனிகெ பிளாட்டெ ரயில், பிரியென்ஸ் ரோட்ஹார்ன் நீராவி ரயில், ஸ்டான்ஸர்ஹார்ன் மலைக் கேபிள் கார். கோடையில் எடுத்த காணொளிகளைப் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் இவற்றையும் சேர்த்துவிடுகிறார்கள். சுற்றுலா ரயில்களான க்ளேசியர் எக்ஸ்பிரஸுக்கும் பெர்னினா எக்ஸ்பிரஸுக்கும் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும்.

எந்த நாளில் மேலே போவது

சூரிக், பெர்ன், லூசர்ன் இருக்கும் நடுச்சமவெளியில் குளிர்காலத்தில் குளிர்ந்த கனத்த காற்று கீழே தேங்கிவிடும். அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல உட்காரும். இடையில் மூடுபனி சிக்கிக்கொண்டு நகராது. அதன் மேல்மட்டம் பெரும்பாலும் 800 முதல் 1,200 மீட்டருக்குள் இருக்கும். கீழே நாள் முழுக்கச் சாம்பல் நிறம். மேலே ஏறினால் நீல வானமும் கொளுத்தும் வெயிலும், காலுக்குக் கீழே பால் பொங்கினாற்போல மேகக் கடல். கீழே இருட்டாக இருக்கிறதே என்று அறையில் படுத்துவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. காலை எட்டு மணிக்கு மலை உச்சிக் கேமராக்களை இணையத்தில் பாருங்கள். ஒவ்வொரு மலை ரயில் நிறுவனமும் நேரலையாக வைத்திருக்கிறது. உச்சியில் வெயில் தெரிந்தால் உடனே கிளம்புங்கள். உச்சியும் வெள்ளையாக இருந்தால் அன்று பெர்ன் நகரம், அருங்காட்சியகம், துணி துவைப்பது.

தெற்கிலிருந்து மலையைத் தாண்டி வந்து இறங்கும் ஃபோன் என்ற வறண்ட வெப்பக் காற்று இன்னொரு தடை. வானம் பளிச்சென்று இருக்கும், ஆனால் காற்றின் வேகத்தால் கேபிள் கார் நின்றுவிடும். அந்த நாட்களில் தண்டவாளத்தில் ஓடும் மலை ரயில்களை நம்புங்கள். டிக்கெட் எடுக்கும் முன் இயக்க நிலைப் பலகையைப் பாருங்கள். திரும்பும் கடைசிக் கேபிள் கார் மாலை நாலு மணி வாக்கிலேயே போய்விடும் இடங்கள் உண்டு.

யுங்ஃப்ராவ்யோஹ் 1912இலிருந்து ரயில் போகும் இடம். நுரையீரலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். நம் ஊரோ கடல்மட்டத்திலிருந்து சில பத்து மீட்டர் உயரம். மேலே இறங்கியதும் படியில் ஓடினால் தலை சுற்றும். மெதுவாக நடந்து, தண்ணீர் குடித்துக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கிவிடுவது நல்லது. தலைவலியோடு வாந்தி வந்தால் மாத்திரை தேடாதீர்கள். கீழே இறங்குவதுதான் மருந்து. இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போக வேண்டாம். அவர்களுக்குக் கிரின்டெல்வால்ட் ஊருக்கு மேலே உள்ள ஃபர்ஸ்ட், 2,168 மீட்டர், போதும். மலைகள் அங்கிருந்துதான் இன்னும் அழகாகத் தெரியும் என்பது எங்கள் எண்ணம்.

பெர்கூனும் சறுக்குவண்டியும்

ஒரு நாள் பனிச்சறுக்குப் பயிற்சிக்கு நாலு பேருக்கு ஆகும் செலவையும் விழுந்து எழும் வலியையும் நினைத்தால், நம் குடும்பங்களுக்குச் சறுக்குவண்டிதான் சரி என்று தோன்றுகிறது. பெர்கூனை அதற்காகத்தான் சேர்த்தோம். பெர்கூனுக்கு மேலே 1,789 மீட்டரில் ப்ரேடா. இரண்டுக்கும் இடையே உள்ள சாலை குளிர்காலத்தில் வண்டிகளுக்கு மூடப்பட்டு, ஆறு கிலோமீட்டர் சறுக்குப் பாதையாகிவிடும். ரயிலில் ப்ரேடா போய், வண்டியில் சறுக்கிக்கொண்டு பெர்கூன் வந்து, மறுபடி ரயில் ஏறலாம், பாஸ் செல்லும். மரவண்டியும் தலைக்கவசமும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும்.

உட்காரும் முறை முக்கியம். பின்பக்கமாகச் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் தட்டையாகத் தரையில் அழுத்தினால் வேகம் குறையும். குதிகாலைக் குத்தினால் வெண்பனி முகத்தில் அடிக்கும், கணுக்கால் மடங்கும். இடது பக்கம் திரும்ப இடது காலை அழுத்துங்கள். சிறு குழந்தைகள் பெரியவரின் முன்னால், கால்களுக்கு இடையில். இரவு உறைந்த பாதை காலையில் கல் போல இருக்கும், வண்டி பறக்கும். முதல் தடவை போகிறவர்களுக்குப் பகல் பத்து பதினொன்றுக்குப் பிறகு நல்லது. நடுவழியில் நிற்க வேண்டுமென்றால் வளைவில் நிற்காமல் ஓரமாக ஒதுங்குங்கள், பின்னால் வருபவருக்கு உங்களைத் தெரியாது. பாட்டிமார் ரயிலிலேயே போய் வரலாம். அல்புலா, பெர்னினா ரயில் பாதைகள் 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானவை. 65 மீட்டர் உயர லான்ட்வாசர் பாலம் பெர்கூனுக்கு வரும் வழியிலேயே இருக்கிறது. மறுநாள் சாதாரண ரயிலிலேயே ஓஸ்பிட்சியோ பெர்னினா நிலையத்தை, 2,253 மீட்டர், தாண்டி ஆல்ப் க்ரூம் வரை போய்த் திரும்பலாம். பெர்னினா எக்ஸ்பிரஸ் ஓடுகிற அதே தண்டவாளம்தான், முன்பதிவு வேண்டாம்.

உடை

நம் ஊரில் மார்கழிக் குளிர் என்பது இருபது டிகிரி. அங்கே இன்டர்லாக்கனில் பூஜ்யத்தை ஒட்டி, உச்சியில் மைனஸ் பத்து முதல் பதினைந்து. மைனஸ் பத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் இருபது போல. ஆனாலும் ஒரே தடித்த ஸ்வெட்டரை நம்ப வேண்டாம். தோலை ஒட்டி மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ ஆன தெர்மல், அதன்மேல் ஃப்ளீஸ், வெளியே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட். பருத்திப் பனியனை உள்ளே போடாதீர்கள். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், நின்றவுடன் உடம்பைக் குளிரவைக்கும். கடைகளும் ரயில்களும் உள்ளே 20 டிகிரிக்கு மேல் சூடாக இருப்பதால், கழற்றி மாட்ட எளிதாக இருக்க வேண்டும்.

புடவை கட்டுகிறவர்கள் புடவையிலேயே வரலாம். உள்ளே ஃப்ளீஸ் உட்புறம் வைத்த லெகிங்ஸ், இடுப்பை மூடும் தெர்மல், புடவையைக் கணுக்காலுக்கு மேலே நாலு விரல் தூக்கிக் கட்டி பூட்ஸ். கரை நனைந்து உறைந்தால் அட்டை மாதிரி விறைத்துக் காலைத் தடுக்கும், அதனால்தான் தூக்கிக் கட்டச் சொல்கிறோம். செருப்பு, கேன்வாஸ் ஷூ இரண்டும் கூடாது.

காலணிதான் முதல் செலவு. நீர் புகாத, ஆழமான பள்ளங்கள் உள்ள அடிப்பாகம், வழக்கமான அளவைவிட அரை அளவு பெரிது. இரண்டு சாக்ஸ் போட்டு இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் சில்லிடும். ஒரே தடித்த கம்பளி சாக்ஸ் போதும். வயதானவர்களுக்கு ஷூவின் மேல் மாட்டும் ரப்பர் முள்பட்டை வாங்குங்கள், அங்குள்ள கடைகளில் கிடைக்கும். உறைபனியில் பாதத்தை முழுதாகப் பதித்து, சின்னச் சின்ன அடியாக, வரப்பில் ஈர நாளில் நடப்பது போல நடக்க வேண்டும். குழந்தைகளுக்கு விரல் பிரியாத கையுறை, இரண்டு ஜோடி. ஒன்று நிச்சயம் நனையும்.

வெயில் கண்ணாடி ஆடம்பரம் அல்ல. புது வெண்பனி புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும்; உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் கதிர் பத்து சதவீதம் போலக் கூடும். கண் சிவந்து மணல் போட்டதுபோல உறுத்தும். முகத்துக்கு சன்ஸ்கிரீன், உதட்டுக்குத் தைலம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் அகல வாய் டப்பாவில் கொண்டு போங்கள். சூடேற்றிய அறையில் காற்று வறண்டு குழந்தைகளுக்கு மூக்கில் ரத்தம் கசியலாம். ஹீட்டர் மேல் ஈரத்துண்டு போட்டுத் தூங்குங்கள்.

இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும். முதுகுப்பையில் வைக்காமல் ஜாக்கெட்டின் உள்பையில் வையுங்கள். சர்க்கரை பார்க்கும் கருவியும் கைபேசியும் குளிரில் சரியாக வேலை செய்யாது, அவையும் உள்பைக்கே. மலை மீட்பு ஹெலிகாப்டர் செலவு உங்கள் காப்பீட்டில் உண்டா என்று தனியாகக் கேளுங்கள், பழைய நோய்களுக்கு உண்டா என்றும். சுவிஸில் ஆம்புலன்ஸ் 144, ரேகா விமான மீட்பு 1414. எங்கும் பொதுவாக 112.

சமையல்

சுவிஸ் உணவகத்தில் ஒரு தட்டு 20 முதல் 30 பிராங்க், ஒரு பிராங்க் நூறு ரூபாய்க்கு மேல். சமையலறையின் அருமை அங்கே தெரியும். ஆனால் எதைக் கொண்டு போகலாம் என்பதில் சட்டம் கறாரானது. பால் பொருளும் இறைச்சியும் இந்தியாவிலிருந்து கொண்டுபோகத் தடை. நெய், பால்கோவா, நெய்யில் செய்த மைசூர்பாகு எதுவும் வேண்டாம். கறிவேப்பிலையும் தடை, எலுமிச்சை வகை மரங்களுக்கு நோய் பரப்பும் பூச்சி அதில் ஒட்டி வரும் என்பதால். சாம்பார் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம், காபித்தூள் போகலாம். நாலு பேர் இரண்டு வேளை குடித்தால் பதினோரு நாளுக்கு ஒரு கிலோ தூள், ஒரு பித்தளையோ எவர்சில்வரோ ஃபில்டர்.

நெய்க்குக் கவலை வேண்டாம். சுவிஸ் சூப்பர் மார்க்கெட்டில் ப்ராட்புட்டர் என்று விற்பது உருக்கிய வெண்ணெய். ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் அதன் பெயர் புட்டர்ஷ்மால்ஸ். நல்ல மணமில்லை என்றால் சாதாரண வெண்ணெயை வாங்கிக் காய்ச்சுங்கள், அருமையாக இருக்கும். புழுங்கலரிசிக்குப் பார்பாய்ல்ட் என்று எழுதிய பொட்டலம். தயிர்சாதத்துக்குக் குழைய வேண்டுமென்றால் மில்ஷ்ரைஸ் எனும் குண்டு அரிசி. காபிக்கு ஃபோல்மில்ஷ் எனும் கொழுப்பு நீக்காத பால். உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும், 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம். பெர்கூனில் பருப்பு வேக அதிக நேரம் பிடிக்கும். சின்ன குக்கர் கொண்டுபோனால் இண்டக்‌ஷனில் வைக்கக்கூடிய எவர்சில்வராக இருக்கட்டும், அலுமினியம் சூடேறாது. மின்சாரம் நம்மைப் போலவே 230 வோல்ட், ஆனால் சுவிஸ் பிளக் வேறு, ஜெர்மனி பிளக் வேறு. இரண்டுக்கும் மாற்றி வேண்டும். மிளகாய் தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து புகைபோக்கியைப் போடுங்கள். புகை உணர்கருவி அலறித் தீயணைப்பு வண்டி வந்தால் பெரிய தொகை கேட்பார்கள்.

பெர்னில் 2014இல் திறந்த சமயங்களின் இல்லத்தில் ஈழத்தமிழர் நடத்தும் சைவக் கோயில் இருக்கிறது. மத்திய நிலையத்திலிருந்து உள்ளூர் ரயிலில் யூரோப்பாபிளாட்ஸ். மூடுபனி நாளில் மார்கழிக் கும்பிடும் ஆயிற்று. பெர்னிலும் சூரிக்கிலும் உள்ள ஈழத்தமிழர் மளிகைக் கடைகளில் கறிவேப்பிலை, முருங்கைக்காய், பச்சை மிளகாய் எல்லாம் கிடைக்கும்.

வெளியே சாப்பிடும் சைவர்கள் சிலவற்றில் கவனமாக இருக்க வேண்டும். ஃபோண்டூ பாலாடைக் குழம்பில் வெள்ளை ஒயின் உண்டு. ரோஸ்டி உருளைக்கிழங்கில் சில இடங்களில் பன்றிக் கொழுப்பு சேரும். ஷ்பெக் என்று எழுதியிருந்தால் அது பன்றி இறைச்சி. ஆஸ்திரியாவில் காய்கறி உருண்டை சூப் என்றாலும் அடிச்சாறு மாட்டெலும்பாக இருக்கலாம், கேட்டுவிடுங்கள். பழைய முறைப் பாலாடைக்கட்டிகளில் கன்றின் வயிற்று நொதி சேர்ப்பார்கள். சூரிக்கில் ஹில்ட்ல் என்ற உணவகம் 1898இலிருந்து சைவம். அங்கே கேள்வி கேட்காமல் சாப்பிடலாம். குழாய்த் தண்ணீர் எங்கும் குடிக்கலாம்.

டிசம்பர் 24 மாலைக்கு முன்பே இரண்டு நாளுக்கான பாலும் காய்கறியும் வாங்கிவிடுங்கள். 25, 26 பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், ஞாயிறும் அப்படியே. பெரிய ரயில் நிலையக் கடைகள் மட்டும் திறந்திருக்கும். சுவிஸ், ஜெர்மனியின் கிறிஸ்துமஸ் சந்தைகள் பெரும்பாலும் 24ஆம் தேதிக்குள் முடிந்துவிடும், அதை நம்பிப் போக வேண்டாம். 26 முதல் ஜனவரி 3 வரை வீட்டு வாடகை உச்சத்தில் இருக்கும், பலர் சனி முதல் சனி வரைதான் தருவார்கள். அப்படியானால் ஊர்களின் இரவுக் கணக்கைத்தான் மாற்ற வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகள் இல்லாதவர்கள், அறுப்பு வேலையும் இல்லாதவர்கள், ஜனவரி இரண்டாம் வாரம் போனால் விலை நன்றாக இறங்கியிருக்கும்.

நகரங்கள்

பெர்கூனிலிருந்து கூர், சார்கன்ஸ் வழியாக இன்ஸ்ப்ருக். பாஸ் எல்லை நிலையமான பூக்ஸ் வரை செல்லும். அங்கிருந்து ஆஸ்திரிய ரயில்வே டிக்கெட்டை முன்கூட்டி வாங்கினால் மலிவு, இருக்கையும் பதிவு செய்துகொள்ளுங்கள். இன்ஸ்ப்ருக் 1964, 1976 குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர். 2,657 பொன்பூசிய செப்பு ஓடுகள் கொண்ட தங்கக் கூரையைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். அதைவிட, நகர மையத்திலிருந்தே கேபிள் ரயில் ஏறி நோர்ட்கெட்டெ மலைக்குப் போவதில் நேரம் செலவிடுங்கள். ஃபோன் காற்றுக்குப் பேர்போன ஊர் இது, காலையில் இயக்க நிலையைப் பார்க்க மறக்க வேண்டாம். சால்ஸ்பர்க் இரண்டு மணி நேரத்துக்குள். 1077இல் தொடங்கிய கோட்டையில் மாலை மூன்றரைக்கு ஏறினால் ஊர் விளக்கேற்றுவதைப் பார்க்கலாம். மியூனிக் அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் போல. நகரிலிருந்து விமான நிலையத்துக்கு உள்ளூர் ரயில் நாற்பது நிமிடம்.

மியூனிக்கில் கடைசி இரவு பூட்ஸுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து வையுங்கள். விடிவதற்குள் ஈரத்தை இழுத்துவிடும். ஈரத்தோடு பெட்டியில் வைத்தால் கும்பகோணம் வந்து சேர்வதற்குள் வாடை பிடித்துவிடும். வந்ததும் ஜாக்கெட்டுகளை நிழல் விழும் தாழ்வாரத்தில், இரண்டு மூன்று நாள் உதறி உதறிக் காயவைத்து, அழுத்தி மடிக்காமல் துணிப்பையில் தொங்கவிடுங்கள். நம் ஊர் ஐப்பசி ஈரத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தால் பூசணம் பிடிக்கும். துணிப்பையில் இருந்தால், பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த மார்கழிக்குக் கேட்டால் கொடுக்கிற நிலையில் இருக்கும்.